பல்பு மட்டும் அவருடையது

போன ஞாயிற்றுக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

“சார், தப்பா நினைக்கலைன்னா...” என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பாலிசியில் கொண்டுபோய் முடிப்பார்கள். நான் முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது ஏணி. ஃபேன் மாட்ட வேண்டுமாம். பத்தே நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

கொடுத்தேன். எட்டாவது நிமிஷம் ஏணி திரும்பி வந்துவிட்டது. துடைத்து வேறு வைத்திருந்தார். பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் திணித்தார். எதற்கு என்றேன். ஏணிக்கு என்றார்.

ஏணிக்கு பிஸ்கட்டா?

எட்டு நிமிஷத்தில் ஒரு ஃபேனை மாட்ட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். சாயங்காலம் விசாரித்தேன். சொன்ன நேரம் தாண்டிவிடக் கூடாதே என்று பாதியில் ஏணியைத் திருப்பிவிட்டு, மிச்ச வேலையை மேஜை மேல் ஸ்டூல் போட்டு, ஸ்டூல் மேல் ஏறி முடித்தாராம். நல்ல பிள்ளை. கீழே விழவில்லை.

பக்கத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு பொருளைக் கேட்பதற்கு ஏன் இத்தனை கூச்சம்? கேட்டால் என்ன குறைந்துவிடும்? இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது? மற்ற தெருக்களைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு ஒரு தடவை அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். எழுதிச் சேர்த்தேன்.

பத்து வருஷம் இருக்கும். இதே மண்ணூர்பேட்டை, இதே தெரு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். உலையில் காய்ச்சி எடுத்த இரும்பு சரியான சூட்டில் பதப்பட்டிருக்கிறதா, சரியான விதத்தில் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போதே வாரம் ஒரு பக்கம் எழுதவும் ஆரம்பித்திருந்தேன். இந்தப் பத்திரிகை இல்லை, வேறொரு சின்னப் பத்திரிகை. தெருவில் என்னை எழுத்தாளர் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் டர்னர். லேத்தில் இரும்பைக் கடைகிற வேலை. எங்கள் பக்கத்தில் ஆளை வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் — ஃபிட்டர், வெல்டர், டர்னர். அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. தெரு மொத்தத்துக்கும் அவர் டர்னர். அவர் மனைவி மல்லிகா மட்டும் மல்லிகா.

அந்த டர்னர் வீட்டுக்கு ஒரு நாள் ட்ரைசைக்கிளில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. சிவப்பு நிறம். தெருவின் முதல் ஃப்ரிட்ஜ். சமையலறை வாசலுக்குள் நுழையவில்லை. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்க வைத்து, தலைமேல் பூ வேலை செய்த துணியும் துணிமேல் பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்தார்கள். பூட்டு, சாவி எல்லாம் உண்டு. சாவி காலண்டர் ஆணியில் தொங்கும்.

பூட்டி நான் பார்த்ததில்லை. எப்படிப் பூட்டுவார்கள்? முதல் வாரமே எதிர் வீட்டு இட்லி மாவு உள்ளே போய்விட்டது. அடுத்து கடைசி வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குக் கட்டிய பூச்சரம். அப்புறம் டீச்சரம்மா வீட்டுப் பால். டீச்சரம்மா வீட்டில் சுத்த சைவம். ஃப்ரீசரில் மீன் இருந்தால், கரண்ட் போகும்போது அது கசிந்து கீழே இருக்கிற பாலில் சொட்டுமே என்று மல்லிகா யோசித்தாள். யோசித்து, மீன் வைப்பதையே நிறுத்திவிட்டாள். ஃப்ரிட்ஜ் வாங்கிய வீட்டில் மீனை அன்றன்றைக்கே வாங்கி அன்றன்றைக்கே தின்றார்கள்.

கதவின் உள்பக்கம் முட்டை வைக்கிற பள்ளங்கள் இருக்கும் அல்லவா? அதில் முன்வரிசையில் மூன்றாவது பள்ளம் எங்களுடையது. என் மனைவி விமலாவுக்கு இருபத்தாறு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்குக் கேட்கிற சர்க்கரை இல்லை. காலையில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒன்று — இன்சுலின் ஊசி. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. மருந்து பாட்டில் கட்டைவிரல் உயரம்தான். அதைக் குளிர்ச்சியில் வைத்தாக வேண்டும். தினமும் இரண்டு வேளை நான் போய் எடுத்து வருவேன், விமலா போட்டுக்கொண்டதும் திரும்பக் கொண்டுபோய் வைப்பேன். டர்னர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “வா சார்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் இருவருக்கும் தேவைப்படவில்லை.

இந்த நிலையில் ஒரு வாரம் எனக்கு எழுத விஷயம் கிடைக்கவில்லை.

எழுதுகிறவனுக்கு விஷயம் கிடைக்காத வாரம் அக்கம்பக்கத்தாருக்கு ஆகாத வாரம். நான் எழுதினேன்: ‘எங்கள் தெருவில் ஒருவர் ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று ஹாலில் வைத்திருக்கிறார். திறந்து பார்த்தால் மாவு ஒரு வீட்டுடையது, பால் ஒரு வீட்டுடையது, பூ ஒரு வீட்டுடையது. அவருடையது என்று உள்ளே இருப்பது பல்பு மட்டும்தான்.’

எழுதி முடித்து நானே ஒரு தடவை சிரித்தேன். ஜாக்கிரதையாக, பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெருவில் இருந்தது ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. சலூனில் ஒருவர் உரக்கப் படித்து, நாலு பேர் சிரித்தார்களாம். வெள்ளிக்கிழமை காலை டீச்சரம்மா வந்து பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். ‘உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்’ என்று மல்லிகாவிடம் சொன்னாராம். மத்தியானம் மாவு போனது. எல்லோரும் நல்லவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று பத்திரிகையிலேயே வந்த பிறகு எப்படி வைப்பார்கள்?

நான் டர்னரைத்தான் கிண்டல் செய்ததாக நினைத்திருந்தேன். மொத்தத் தெருவையும் அல்லவா சுருக்கென்று குத்தி வைத்திருக்கிறேன்!

அன்று ராத்திரி நான் மருந்தெடுக்கப் போனேன். டர்னர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ‘வா சார்’ இல்லை. மல்லிகா அடுப்படியிலிருந்து வரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தப்புதான் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்கு வருகிற ரோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. பள்ளத்தில் இருந்த பாட்டிலையும் உள்ளே இருந்த உபரி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, “இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விமலா என்னையும் பாட்டிலையும் பார்த்தாள். “மருந்து என்னோடது. ரோஷம் உங்களோடது. ரெண்டையும் ஏன் ஒண்ணா எடுத்துட்டு வந்தீங்க?” என்று கேட்டாள்.

மண்பானையில் ஈர மணல் போட்டு, பாட்டில்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்தேன். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் அப்படியும் வைக்கலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். எட்டு நாள் ஓடியது. தினமும் கம்பெனியில் உலையருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானை ஞாபகம்தான். கத்திரி வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, பானையைத் தொட்டுப் பார்த்தால் அதுவே வெதுவெதுப்பாக இருந்த மாதிரி பட்டது. பயந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பால் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு வந்தது.

எனக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. சில சமயம் அது வேலை செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்கும். ஐஸ் பெட்டியில் குச்சி ஐஸைச் சுற்றிப் போட்டிருக்கிற உடைத்த ஐஸைக் கேட்டு வாங்கி வந்து, வாயகன்ற ஃப்ளாஸ்கில் போட்டு, நடுவில் இரண்டு பாட்டிலையும் சொருகி மூடினேன். ராத்திரி ஊசிக்குத் திறந்தபோது பாட்டில் சில்லென்று இருந்தது. மேலே இன்னும் கொஞ்சம் ஐஸைப் போட்டு மூடி, விமலாவிடம் பெருமையாகக் காட்டினேன். “ஃப்ரிட்ஜ் இல்லாட்டி உலகம் நின்னுடுமா?” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ளாஸ்கைத் திறந்தால் இரண்டு பாட்டிலும் கல்லாக உறைந்திருந்தன. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினோம். உருகியது. ஆனால் குலுக்கினால் எப்போதும் பால் மாதிரி ஒன்றாகக் கலக்கிற மருந்து, திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக நின்றது. உறைந்த இன்சுலின் உதவாது. அது பாட்டில் அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நான் எழுதுகிறவன், படிப்பவன் இல்லையே.

விமலா ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள் — மருந்தை அல்ல, ஃப்ளாஸ்கில் இருந்த தண்ணீரை. “உப்பு,” என்றாள். “பால் ஐஸ்காரங்க குச்சி ஐஸ் உருகாம இருக்க, சுத்தி இருக்கற ஐஸ்ல உப்பு கொட்டுவாங்க. உப்பு கொட்டுனா குளிர் இன்னும் ஏறி, நடுவுல இருக்கறது உறைஞ்சுடும். உங்களுக்குத் தெரியாதா?”

எது எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வழக்கமாக வாங்குகிற மருந்துக்கடை பூட்டு. அடுத்த கடையில் இன்சுலின் வைப்பதே இல்லை. மூன்றாவது கடைக்காரர் நாளைக்கு மத்தியானம் வரும் என்றார். நாளைக்கு மத்தியானம்! அதற்குள் மூன்று வேளை போய்விடும். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். ஒரு வரி கிண்டலுக்காக நான் பணயம் வைத்தது யாரை என்று அந்த வெயிலில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. விமலா அதற்குள் நாக்கு வறண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் டர்னரின் மொபெட் இல்லை.

“டர்னர் அண்ணன் எட்டு மணிக்கே கிளம்பிப் போயிட்டாரு,” என்றாள் விமலா. “மல்லிகாகிட்ட சொன்னேன்.”

“நீ இன்னும் அவங்ககிட்ட பேசிட்டா இருக்கே?”

“நான் எப்ப நிறுத்தினேன்? எழுதினது நீங்கதானே.”

தெருக் குழாயடியிலும் காம்பவுண்டு சுவரோரத்திலும் பொழுது விடிந்தால் இவர்கள் இருவரும் பேசாத நாளே இல்லையாம். பத்து நாளாகப் பேசாமல் இருந்தது நான் ஒருவன்தான்.

பதினோரு மணிக்கு மொபெட் வந்தது. கீழ்ப்பாக்கம் வரை போயிருக்கிறார். மண்ணூர்பேட்டையிலிருந்து கீழ்ப்பாக்கம், அந்த வெயிலில், அந்த மொபெட்டில். நான் வாசலில் நின்றேன். டர்னர் என்னைப் பார்க்காமல், கையில் ஒரு சாப்பாட்டு டப்பாவோடு நேராகத் தன் வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து கிடைத்ததா, இல்லையா?

ஒரு நிமிஷம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகாவின் குரல் கேட்டது.

“அக்கா, மருந்து ஃப்ரிட்ஜுல கீது. சாரை வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு.”

போனேன். டர்னர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தட்டு, வெறும் தட்டு, மறுபடி வெறும் தட்டு. நடுவில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவில் மட்டும் முட்டைகள். எல்லாப் பள்ளத்திலும் முட்டை இருந்தது, முன்வரிசையில் மூன்றாவது தவிர. அதில் புது மருந்து பாட்டில் நின்றது. பாட்டில் ஆடாமல் இருக்க விமலா எப்போதோ பள்ளத்தில் வைத்திருந்த பஞ்சு அப்படியே இருந்தது. பத்து நாளாக அந்த இடத்தில் ஒரு முட்டையைக்கூட வைக்கவில்லை.

பஞ்சை அப்படியே விட்டு, பாட்டிலை மட்டும் எடுத்தேன்.

“உப்பு போடாத ஐஸான்னு கேட்டு வாங்கி, அதுல வச்சி எட்தாந்தேன் சார்,” என்றார் டர்னர், பேப்பரைப் பார்த்தபடி.

“அண்ணே, தப்பு பண்ணிட்டேன்,” என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். “பல்பு மட்டும்தான் என்னுதுன்னு எய்தின. கரெக்ட் சார், நான் ஒண்ணும் சொல்லல. அதுக்குத்தானே வாங்குனேன். நாங்க ரெண்டு பேரு, எங்களுக்கு எதுக்கு இம்மாம் பெருசு? ஆனா இப்ப பாரு, நெசமாவே பல்பு மட்டும்தான் கீது. மல்லிகா பத்து நாளா அதத் தொறந்து தொறந்து பாத்துக்கினு கீது.”

நான் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினேன்.

“மொதல்ல போய் வீட்டம்மாவுக்கு ஊசி போடு. அப்பறம் இன்னொரு தபா எய்து. எல்லாரையும் கொண்டாந்து வைக்கச் சொல்லு. இன்னொண்ணு சார். பேப்பர்ல ஒரு மன்சனப் பத்தி எய்தற, பேரு போட மாட்டியா? எங்க மச்சான் கேக்கறான், அது நீதான்னு இன்னா ருசு?”

அந்த ஊசிக்குப் பிறகு விமலா தேறினாள். சாயங்காலம் நான் வீடு வீடாகப் போனேன். அந்த வரியை எழுதியவன் ஒரு முட்டாள் என்று சொன்னேன். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். யாராவது மறுப்பார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். மறுநாள் காலை டீச்சரம்மா பால் பாத்திரத்தோடு முதல் ஆளாக வந்தார். மல்லிகா, ‘இன்னா டீச்சர், இவ்ளோ லேட்டு’ என்று மட்டும் கேட்டாளாம். புதன்கிழமைக்குள் ஃப்ரிட்ஜில் கை நுழைக்க இடமில்லை.

அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. கொடுக்கிறவருக்குப் பெருமை, வாங்குகிறவருக்குக் கூச்சம் என்று நாம் நினைக்கிறோம். அக்கம்பக்கத்தில் அப்படிக் கிடையாது. உங்களிடம் ஒருவர் ஏணி கேட்கிறார் என்றால், நாளைக்கு நீங்கள் அவரிடம் வாளி கேட்கலாம் என்று அனுமதி கொடுக்கிறார். இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒருவர் வீட்டில் உங்கள் மருந்து இருக்கும்போது அவரோடு சண்டையை நீட்டிக்க முடியாது. வேளாவேளைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பிஸ்கட் கொடுத்து ஏணியைத் திருப்பினால் இதெல்லாம் எங்கே நடக்கும்?

அதனால் நேற்று எதிர் வீட்டு இளைஞரிடம் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தேடி எடுத்துக் கொடுத்து, மெதுவாகத் தாருங்கள் சார், அவசரமே இல்லை என்றார். இன்னும் திருப்பவில்லை.

இப்போது தெருவில் எல்லோர் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும்தான். ஆனால் விமலா ஒரு மருந்து பாட்டிலை மட்டும் இன்னும் பக்கத்து வீட்டு முட்டைப் பள்ளத்தில் வைத்திருக்கிறாள். கேட்டால், கரண்ட் போனால் என்ன செய்வது என்கிறாள். கரண்ட் போனால் இரண்டு வீட்டிலும் சேர்ந்துதான் போகும். நான் சொல்லவில்லை.

ஒரு பாக்கி மட்டும் இருந்தது. டர்னர் கேட்டபடி நான் மறுவாரமே எழுதினேன். அவரிடமே பெயரைக் கேட்டு, பெயரோடு எழுதினேன். எதற்கு வம்பு என்று பத்திரிகை ஆசிரியர் அந்தப் பெயரை மட்டும் அடித்துவிட்டார். டர்னர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம், பெயரில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

டர்னரின் பெயர் ஏழுமலை.